மேம்பாலத்தில் நின்றுவிடும் மின் ஸ்கூட்டர்: ஐந்து பேட்டரியையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி இது: "அப்பாவின் குறைவேக மின் ஸ்கூட்டருக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. 60 வோல்ட் வண்டி. 12 வோல்ட், 20 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரிகள் ஐந்து இருக்கின்றன. வாங்கிய புதிதில் ஒரு சார்ஜில் 45 கிலோமீட்டர் ஓடியது. இப்போது பதினைந்தைத் தாண்டுவதில்லை. இரவெல்லாம் சார்ஜ் போட்டால் காலையில் மீட்டர் முழுதாகக் காட்டுகிறது; மேம்பாலம் ஏறும்போது முள் சட்டென்று சிவப்புக்கு இறங்கி வண்டி நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி ஓடுகிறது. கடையில் ஐந்து பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?"

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். நீங்கள் சொல்கிற மூன்று அடையாளங்களும், அதாவது காலையில் முழு மீட்டர், மேட்டில் சரிவு, ஒரு நிமிடத்தில் உயிர்த்தெழுதல் ஆகிய மூன்றும், ஐந்தும் சேர்ந்து கிழடு தட்டிப்போனதைவிட ஏதோ ஒன்று மட்டும் விழுந்துவிட்டதைத்தான் அதிகம் காட்டுகின்றன. அந்த ஒன்று ஒரு பேட்டரியாகவும் இருக்கலாம். வயர் நுனியில் மாட்டும் உலோகக் காதான லக்காகவோ, கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான எம்சிபியாகவோகூட இருக்கலாம்.

முதலில் அந்த மீட்டரை நம்புவதை விடுங்கள். இந்த வகை வண்டியில் முன்னால் இருக்கும் பேட்டரி மீட்டர், பெட்ரோல் அளவு காட்டுவதுபோல உள்ளே எவ்வளவு மீதம் இருக்கிறது என்று அளப்பதில்லை. ஐந்து பேட்டரியின் மொத்த வோல்டேஜை மட்டும் பார்க்கிறது. நல்ல பேட்டரி ஐந்து முழுச் சார்ஜில் ஓய்வாக இருந்தால் தலைக்கு 13 வோல்ட், மொத்தம் 65. இப்போது அவற்றில் ஒன்று உள்ளுக்குள் வற்றிப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் அதுவும் 12.8 காட்டும். மொத்தத்தில் கால் வோல்ட்கூடக் குறையாது. மீட்டர் முழுதாகத்தான் நிற்கும்.

மேம்பாலத்தில் ஏறும்போதுதான் குட்டு உடைகிறது. பதிவெண் வேண்டாத வண்டி என்றால் சட்டப்படி மோட்டார் 0.25 கிலோவாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும் மேல் போகக்கூடாது. ஆனால் அந்த 250 வாட் என்பது மோட்டார் தொடர்ந்து தாங்கும் அளவு. மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால், மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் தன் எல்லைவரை, 15 ஆம்பியரோ அதற்கு மேலோ, இழுக்கும். அந்த நேரத்தில் நல்ல பேட்டரி நான்கும் தலைக்கு 12 வோல்ட்டில் நின்று 48 தருகின்றன. வற்றிய ஐந்தாவது 4 வோல்ட்டுக்குச் சரிகிறது. கூட்டினால் 52. லெட் ஆசிட் பேட்டரியை லோடில், அதாவது கரண்ட் இழுக்கும்போது, 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது என்பது கணக்கு, ஐந்துக்கு 52.5. அதைத் தொட்டவுடன் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். நீங்கள் ஆக்சிலரேட்டரை விட்டதும் இழுவை போய்விடுகிறது, ஐந்தாவது மறுபடி 12-க்கு மேல் எழுந்துகொள்கிறது, வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. கடையில் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டி நன்றாகத்தானே இருக்கிறது" என்று அனுப்பிவைப்பதும் இதனால்தான்.

ஆக, பேட்டரியை லோடில் அளக்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக.

அதற்குமுன் ஒரு எச்சரிக்கை. 60 வோல்ட் டி.சி. என்பது பொம்மைக் கரண்ட் அல்ல. ஷாக்கைவிடப் பெரிய ஆபத்து ஷார்ட். ஸ்பேனர் ஒன்று இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். என்னிடம் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. அதன் வாயில் எலி கடித்ததுபோல ஒரு பள்ளம். அரை நொடியில் வந்த பள்ளம் அது. அன்றிலிருந்து என் ஸ்பேனர்கள் எல்லாம் நுனி மட்டும் தெரியும்படி இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எம்சிபியைக் கீழே தள்ளிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வயரிங்கைக் கலைப்பதற்கு முன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரிகளின் மேல் ஒன்று முதல் ஐந்துவரை எண் எழுதி ஒட்டுங்கள். அற்பமாகத் தெரியும், மூன்றாவது அளவுக்குப் பிறகு எது எது என்று குழம்பாதவர்கள் குறைவு.

இன்னொன்று, செலவில்லாதது. டயரில் காற்று சரியா, பின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் தெரிந்துவிடும். இவை 45-ஐப் பதினைந்தாக்காது, ஆனால் நாற்பதை முப்பதாக்கும்.

இப்போது அளவு. முழுச் சார்ஜ் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கி, நான்கைந்து மணி நேரம் அப்படியே விடுங்கள். சார்ஜ் முடிந்த கையோடு அளந்தால் மேலோட்டமான ஒரு வோல்டேஜ் ஏறி நின்று ஏமாற்றும். ஆறிய பிறகு ஒவ்வொன்றிலும் 12.8 முதல் 13.2 வரை இருந்தால் ஓய்வு நிலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் 12.5 என்றால் அதன்மேல் ஒரு கண் வையுங்கள். ஒன்று மட்டும் பத்தரை, பதினொன்று என்று நின்றால் மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம். பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. செல்லுக்கு ஏறக்குறைய இரண்டு வோல்ட், ஒன்று போனால் இரண்டு வோல்ட் குறைச்சல்.

அப்படி ஒரு செல் போன பேட்டரியோடு தொடர்ந்து ஓட்டுவதில் இன்னொரு கேடு இருக்கிறது. சார்ஜருக்கு மொத்தம்தான் தெரியும், யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாது. 60 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் கடைசிக் கட்டத்தில் 73.5 வோல்ட்வரை தள்ளும். முப்பது செல்லுக்குப் பங்கிட்டால் பேட்டரிக்கு 14.7. முப்பதில் ஒன்று செத்து இருபத்தொன்பது ஆனால், அதே 73.5 மிச்சமிருக்கும் நான்கு நல்ல பேட்டரிகளுக்கும் தலைக்கு 15.2 என்று விழும். நாள்தோறும் இரவு அந்த அளவு ஏறினால் அவை கொதித்து, உள்ளே இருக்கும் ஈரம் வற்றி, சில மாதங்களில் நல்லதும் கெட்டதோடு போய்ச் சேரும். கெட்டதைக் கண்டுபிடிக்கத் தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும் ஐந்தையும் மாற்ற வேண்டிய நிலைமையை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள்.

ஓய்வில் ஐந்தும் ஒன்றுபோல இருந்தால், அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. மல்டிமீட்டரை டிக்கியில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு அருகிலேயே சுற்றுங்கள். வண்டி முதன்முறை படுக்கும் இடத்தில் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எம்சிபியையும் இறக்கிவிட்டு, உடனே இருக்கையைத் தூக்கி ஐந்தையும் வரிசையாக அளந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவான். நான்கு 12.4, 12.5 என்று இருக்கும்போது ஒன்று மட்டும் 11.3 என்றால் ஆள் அகப்பட்டுவிட்டது. ஐந்துமே 11.8-க்குப் பக்கத்தில் ஒன்றுபோல இறங்கியிருந்தால் கடைக்காரர் சொன்னது சரி, செட்டே முடிந்துவிட்டது. ஐந்துமே 12.5-க்கு மேல் தெம்பாக இருந்தும் வண்டி நின்றது என்றால் குற்றவாளி பேட்டரி அல்ல. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சந்தேகத்தை உறுதிசெய்ய நான் பயன்படுத்துவது ஒரு கார் ஹெட்லைட் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட் ஹாலஜன். எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். அதன் மூன்று கால்களில் ஒன்று இரண்டு இழைக்கும் பொது. மற்ற இரண்டையும் சேர்த்து ஒரு வயராக்கினால் இரண்டு இழையும் ஒன்றாக எரியும். மொத்தம் 115 வாட், ஏறத்தாழ 10 ஆம்பியர். ஸ்கூட்டர் பேட்டரியில் 20 ஏ.எச். என்று எழுதுவதை இரண்டு மணி நேரக் கணக்கில் சொல்வது வழக்கம், அதாவது 10 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இருபது மணி நேரக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அதனால் இந்தப் பல்பு நமக்கென்றே செய்ததுபோலப் பொருந்துகிறது.

செட்டிலிருந்து கழற்றிய, முழுச் சார்ஜில் உள்ள ஒரு பேட்டரியோடு பல்பை இணைத்துத் தரை ஓட்டின்மேல் வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தால் நாற்காலி உருகும். எரிகிற பல்பை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணாடியைத் தொடாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜை எழுதுங்கள். நல்ல பேட்டரி 12.5 அருகே தொடங்கி அவசரமில்லாமல் இறங்கும். கெட்டது கொஞ்ச நேரம் கௌரவமாக நின்றுவிட்டு, திடீரென்று படிக்கட்டில் உருண்டதுபோல 11, 10.5 என்று விழும். 10.5 தொட்டதும் பல்பை உடனே கழற்றிவிட்டு, அன்றைக்கே அந்தப் பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். 45 நிமிடம் தாங்கினால் ஏழரை ஏ.எச். என்று கணக்கு; 100 நிமிடம் என்றால் பதினாறு, பதினேழு. ஐந்தையும் இப்படிச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள் உழைப்புக்கு ஈடான வேறு சோதனை கிடையாது. கடைகளில் வைத்திருக்கும், பத்து நொடி அழுத்திப் பார்க்கும் டெஸ்டர் செத்ததைக் காட்டும், மெலிந்ததைக் காட்டாது.

பேட்டரிகள் தேறிவிட்டால், அடுத்து இணைப்புகள். ஐந்து பேட்டரியையும் கோக்க நான்கு இடைவயர், இரு முனைக்கும் இரண்டு, நடுவில் ஒரு எம்சிபி, ஒரு பிளக். இவை எல்லாவற்றின் வழியாகவும் அதே 15 ஆம்பியர் ஓட வேண்டும். எங்காவது அரை வோல்ட் தின்னும் தளர்வு இருந்தால் அந்த இடத்தில் ஏழரை வாட் சூடு, மிளகு அளவு உலோகத்தில். சூடு தளர்வை வளர்க்கும். தளர்வு சூட்டை வளர்க்கும்.

வீட்டுக்கு வீடு பால் ஊற்றும் ஒருவர் சென்ற கோடையில் வந்தார். புதுச் செட் போட்டு மூன்றே வாரம், மேட்டில் அதே கதை. போட்டுக்கொடுத்தவர்கள் அடுத்து கன்ட்ரோலரை மாற்றச் சொல்லியிருந்தார்கள். இருக்கையைத் தூக்கியதும் எனக்கு முதலில் வந்தது வாடைதான், கருகிய பிவிசி. எம்சிபியில் நுழையும் சிவப்பு வயரின் உறை ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்பேறியிருந்தது. திருகாணி இறுகித்தான் இருந்தது, ஆனால் வயரைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அதன் இழைகளில் பாதி எரிந்து, மீதி பச்சை பூத்திருந்தது. புது எம்சிபி, இரண்டு லக், ஒரு அடி வயர். அவ்வளவுதான் பழுது. கழற்றிப்போட்ட பழைய செட்டில் எத்தனை பேட்டரி நன்றாக இருந்திருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்களும் ஓட்டிவந்த சூட்டோடு ஒவ்வொரு வயரின் உறையையும் முனைக்கு அருகே தொட்டுப் பாருங்கள். வெற்று உலோகத்தைத் தொட வேண்டாம். எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒன்று மட்டும் சுட்டால் நோய் அங்கே இருக்கிறது. லக்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம்செய்து இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். போல்ட்டை வெறிகொண்டு முறுக்காதீர்கள். ஈய டெர்மினல் மென்மையானது, பிய்ந்துவரும். ஹாரனும் விளக்கும் மட்டும் மங்கி, வண்டி நன்றாக ஓடினால், அது 60 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரின் கோளாறு. பேட்டரிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சார்ஜரையும் விட்டுவிடக்கூடாது. 20 ஏ.எச். செட்டுக்கு வரும் சார்ஜர் பெரும்பாலும் இரண்டரை, மூன்று ஆம்பியர் தரும்; காலியானது நிரம்ப ஏழெட்டு மணி நேரம் ஆக வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் பச்சை விளக்கு வந்துவிடுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். சிறிய குடத்தில் தண்ணீர் சீக்கிரம் நிரம்புகிறது, அவ்வளவே. மாறாக இரவெல்லாம் போட்டும் பச்சை வரவேயில்லை, பேட்டரி கை வைக்க முடியாமல் சுடுகிறது என்றால் உடனே பிடுங்குங்கள். செல் ஷார்ட் ஆகியிருக்க வேண்டும், அல்லது சார்ஜர் வோல்டேஜைக் குறைக்க மறந்துவிட்டது. பச்சை வந்தபின் பேட்டரி முனைகளில் அளந்தால் 69 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அப்போதும் 73-லேயே நின்றால் சார்ஜரைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுச் செட்டும் வீங்கும். பக்கவாட்டில் வயிறு புடைத்த பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது.

சரி, ஒன்று மட்டும் கெட்டது என்று தெரிந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றலாமா? செட்டுக்கு எட்டு மாதத்துக்குள் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றாதீர்கள். அடுத்த மாதம் இன்னொன்று, அதற்கடுத்த மாதம் இன்னொன்று என்று உங்களை அலைக்கழிக்கும். உங்களுடையது பதினான்கு மாதம், இரண்டுங்கெட்டான் வயது. பல்புச் சோதனையில் மற்ற நான்கும் 90 நிமிடத்துக்கு மேல் தாங்கி, ஒன்றுக்கொன்று பத்து நிமிட வித்தியாசத்துக்குள் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். அதற்குக் கீழே என்றால் ஐந்தும். மாற்றுவது அதே நிறுவனம், அதே ஏ.எச். ஆக இருக்கட்டும். கடையில் நன்றாக ஓடிய பழைய பேட்டரி ஒன்று கிடைத்தால், பழசோடு பழசாக அது புதிதைவிட நன்றாகப் பொருந்தும். கோப்பதற்கு முன் ஐந்தையும் தனித்தனியே 12 வோல்ட் சார்ஜரில் முழுதாக நிரப்பிவிடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை, அரைகுறையாக நிரம்பிய புதியதைச் செட்டில் போட்டுவிட்டு அதுவும் சரியில்லை என்கிறார்கள்.

புதிதாக வாங்கும்போது தயாரித்த மாதத்தைக் கேளுங்கள், கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். சும்மா கிடந்தாலும் சார்ஜ் கசியும். அலமாரியில் பல மாதம் கிடந்து 12.6-க்குக் கீழே போனதை வாங்காதீர்கள்.

மூடியைக் கழற்றி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழையதை எழுப்பித்தருவதாகச் சொல்வார்கள். வற்றியதால் மெலிந்த பேட்டரிக்கு அது சில வாரம் உயிர் தரும், நானும் செய்துபார்த்திருக்கிறேன். வண்டியை விற்கப்போகிறவர்களுக்கு அது உதவலாம். தினமும் அதில் போய் வரும் உங்கள் அப்பாவுக்கு உதவாது. ஆசிட் ஊற்றுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதினான்கு மாதத்தில் இது ஏன் நடந்தது? பெரும்பாலும் இரண்டு காரணம். முழுதாக இறங்கியபின்தான் சார்ஜ் போட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். லெட் ஆசிட்டுக்கு அது நேர் எதிர். காலியாக நின்ற ஒவ்வொரு இரவும் தட்டுகளில் ஈய சல்பேட் உப்பு படிகமாக இறுகும்; நாளானால் எந்தச் சார்ஜருக்கும் கரையாது. ஐந்து கிலோமீட்டர் போய்வந்தாலும் அன்றிரவு நிரப்பிவிட வேண்டும். இரண்டாவது வெயில். தகர ஷெட்டில் நிறுத்தி, மே மாத மதியத்தில் ஓட்டி வந்த சூட்டோடு பிளக்கைச் செருகுவது. லெட் ஆசிட்டுக்கு ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றமும் ஆயுளை ஏறக்குறையப் பாதியாக்கும். வந்து ஒரு மணி நேரம் ஆறட்டும்.

லித்தியத்துக்கு மாறிவிடலாமா என்று அடுத்த கேள்வி வரும். மாறலாம், ஆனால் பழைய சார்ஜரை மறந்துவிட வேண்டும். பதினாறு செல் வரிசையாகக் கோத்த என்எம்சி (லித்தியத்தில் ஒரு வகை) பேக்கின் உச்சம் 67.2 வோல்ட். உங்கள் வீட்டில் இருக்கும் சார்ஜர் 73.5 தள்ளும்; செல்லுக்கு 4.2 இருக்க வேண்டிய இடத்தில் 4.6. அதற்கும் தீக்கும் நடுவே நிற்பது செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்கிற ஒரு சின்ன பலகை மட்டும்தான். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் அடுத்தடுத்து நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகுதான் மின் வண்டி பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக இறுக்கப்பட்டன. தெருவோரத்தில் கோத்துத் தரும் பேக்கை நான் யாருக்கும் சொல்வதில்லை. லித்தியம் பேக்கைத் திறந்து பல்பு வைத்துச் சோதிக்கும் வேலையும் வேண்டவே வேண்டாம். மேலே சொன்னதெல்லாம் லெட் ஆசிட்டுக்கு மட்டும். எந்த பேட்டரியானாலும் படுக்கையறை வாசலிலோ வெளியே போகும் வழியிலோ வைத்து இரவில் சார்ஜ் போடாதீர்கள்.

கடைசியாகப் பழைய பேட்டரி. 20 ஏ.எச். ஒன்று ஆறரை, ஏழு கிலோ இருக்கும், பெரும்பகுதி ஈயம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதனால் உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டும் காயலான்கடைக்குப் போடாமல், புதியது வாங்கும் இடத்திலேயே கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். "ஒன்றுக்கு இவ்வளவு" என்று மொத்தமாக விலை சொன்னால், தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.